நாட்ச் மட்டும்தான் கண்ணில் படுகிறதா?

இன்று 2021 அக்டோபர் 17. ஆப்பிள் நாளை அறிமுகப்படுத்தப்போகும் மேக்புக் ப்ரோ லேப்டாப்பின் படம் முன்கூட்டியே கசிந்துவிட்டது, காலையிலிருந்து டைம்லைன் முழுக்க அதுதான். திரையின் உச்சியில் கேமராவுக்காக வெட்டிய மாதிரி கறுப்பாக ஒரு நாட்ச், திரையைப் பறித்துவிட்டான் என்று ஆளாளுக்கு ஒரு மீம். "நாட்ச் பெரிய விஷயமில்லை, கீபோர்டைப் பாருங்கள்" என்று ஒரு பதிவில் எழுதினேன். "ஆப்பிள் சொம்பு" என்று பதில் வந்தது. வலிக்கத்தான் செய்தது. அதனால் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

மேக்கின் அடுத்த ஓஎஸ்ஸான மான்டரேயின் சோதனைப் பதிப்பில் (பீட்டா) சிக்கிய திரை ரெசல்யூஷன் 3024x1964 பிக்சல். அந்த அகலத்துக்கு, மேக்புக் ப்ரோவின் வழக்கமான 16:10 (அகலம்:உயரம்) திரை என்றால் உயரம் 1890 போதும். மீதி 74 பிக்சல். பெரிய மாடல் 3456x2234. அதற்கு 2160 போதும், மீதி அதே 74. இரண்டிலும் ஒரே எண் சும்மா வராது. File, Edit என்று மேலே வரிசையாக வருகிற மெனு பார் உட்காரத்தான் அந்தப் பட்டை, நாட்சும் அதற்குள்தான். நீங்கள் வேலை செய்கிற 16:10 பரப்பில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. மேல் விளிம்பை ஒடுக்கிக் கூடுதலாகக் கொடுத்த இடத்தைப் பார்த்து, பறித்துவிட்டான் என்கிறீர்கள்.

2016-லும் இதேதான் நடந்தது. அப்போதைய மேக் ஓஎஸ்ஸான சியராவின் 10.12.1 அப்டேட்டுக்குள்ளிருந்தே டச் பார் படம் வெளியே வந்தது, கீபோர்டின் மேல்வரிசைக் கீகளுக்குப் பதிலாக வந்த தொடுதிரைப் பட்டை அது. எஸ்கேப் கீ போய்விட்டதே என்று ஊரே புலம்பியது. அதற்குக் கீழே இருந்த, மெலிதாக இருக்கட்டும் என்று போட்ட பட்டர்ஃபிளை வகைக் கீகளை யார் கேட்டார்கள்? கீ அமுங்குவதே அரை மில்லிமீட்டர் சொச்சம். அடியில் ஒரு தூசு போனால் போதும், ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழும், இல்லையென்றால் விழவே விழாது. லேப்டாப்பை 75 டிகிரியில் சாய்த்துப் பிடித்து இடமிருந்து வலமாகக் காற்றடி, வலப்பக்கம் திருப்பி அடி, இடப்பக்கம் திருப்பி அடி: ஆப்பிளே சப்போர்ட் பக்கத்தில் சொன்ன வழி இது. அதிலும் சரியாகவில்லை என்றால்? கீபோர்டு டாப் கேஸோடு, அதாவது கீபோர்டைச் சுற்றியுள்ள மேல் உலோக உறையோடு, ரிவெட் அடித்தது. பேட்டரியும் அதே டாப் கேஸில் பசை போட்டு ஒட்டியது. ஒரு கீ போனாலும் பெரும்பாலும் மொத்தத்தையும் மாற்ற வேண்டும். 2018 ஜூனில் இலவச சர்வீஸ் அறிவித்தார்கள், 2019 நவம்பரில் 16 இன்ச் மாடலில் பழைய சிஸர் வகைக் கீகளுக்கே திரும்பினார்கள்.

டிஸ்ப்ளே கேபிளும் அப்படித்தான். 2016 மாடலில் மூடியைத் திறந்து மூடத் திறந்து மூட, திரைக்குப் போகிற அந்த மெல்லிய ஃபிளெக்ஸ் கேபிள் தேயும். திரையின் அடியில் மேடை விளக்கு மாதிரி திட்டுத்திட்டாக வெளிச்சம் விழும், பிறகு திரையின் பின்விளக்கான பேக்லைட்டே போய்விடும். கேபிள் டிஸ்ப்ளேயோடு சேர்ந்தது என்பதால் முழு டிஸ்ப்ளேயும் காலி. 2018-ல் கேபிளை 2 மி.மீ. நீட்டினார்கள். அந்த 2 மி.மீ. எந்த லீக் படத்தில் தெரியும், சொல்லுங்கள்!

"அழகும் வேண்டாமா?" வேண்டும்தான். "நீளமான மெனு இருக்கிற சாஃப்ட்வேரில் நாட்ச் இடிக்குமே?" இது நியாயமான கேள்வி, 14 இன்ச்சில் கண்டிப்பாக யோசிக்க வேண்டியது. ஆனால் மீம் போட்டவர்களில் இதை ஒருத்தரும் கேட்கவில்லையே. ஆப்பிளுக்கு நான் வக்காலத்து வாங்குவதாகவும் சொல்கிறார்கள். ரேமையும் எஸ்எஸ்டியையும் போர்டில் சால்டர் செய்து, எவ்வளவு வேண்டும் என்று வாங்குகிற அன்றே முடிவு பண்ணு என்கிற கம்பெனிக்கு நான் ஏன் வக்காலத்து வாங்கப் போகிறேன்?

மேக்புக் தயாரித்துக் கொடுக்கிற தைவான் கம்பெனி குவான்டாவிலிருந்து இந்த ஏப்ரலில் திருடப்பட்டு வெளியான புது மாடல் வரைபடங்களில், 2016-ல் எடுத்துவிட்ட எச்டிஎம்ஐ, எஸ்டி கார்டு ஸ்லாட், காந்தத்தால் ஒட்டுகிற மேக்சேஃப் சார்ஜர் மூன்றும் இருந்தன. ஒயரில் கால் தட்டினால் மேக்சேஃப் தானாகக் கழன்றுகொள்ளும். யூஎஸ்பி-சி என்றால் லேப்டாப்பையும் சேர்த்து இழுக்கும். அந்த போர்ட்கள் இல்லாததால் ஐந்து வருடமாக டாங்கிள் (இணைப்பு அடாப்டர்) தூக்கிச் சுமந்தவர்கள்கூட இன்று அவை திரும்புவதை விட்டுவிட்டு நாட்சைத் திட்டிக்கொண்டிருப்பதுதான் எனக்கு ஆற்றாமை.

நாளை, அக்டோபர் 18 இரவு அறிமுகம். அடுத்து யாராவது பிரித்துப் போட்டு வீடியோ விடுவார்கள். கீபோர்டு தனியாகக் கழல்கிறதா, பேட்டரிக்கு அடியில் இழுத்து எடுக்கிற டேப் இருக்கிறதா, முழுக்கப் பசையா என்று பாருங்கள். டேப் இல்லையென்றால் உங்களோடு சேர்ந்து நானும் திட்டுகிறேன்.