ஈரச் சேலையும் என் எம்.எஸ்சி. ஆய்வும்

என் எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வுக்கு வழிகாட்டிய மேடம் போன மாதம் ஓய்வு பெற்றார். விழாவில் பேசியவர்கள் எல்லாம் அவர் எத்தனை கட்டுரை போட்டார், எத்தனை பேர் அவரிடம் பிஎச்.டி. முடித்தார்கள் என்றுதான் எண்ணினார்கள். நான் அவரிடம் வாங்கிய திட்டு எந்தக் கணக்கிலும் வரவில்லை. சரி, இங்கே எழுதிவிடுகிறேன்.

நர்சிங் படித்தவர்களுக்கு இந்தத் தலைப்பு மனப்பாடம்: ‘இன்ன ஊர்ப் பெண்களிடையே இன்ன நோய் பற்றிய அறிவில் ஸ்ட்ரக்சர்டு டீச்சிங் புரோகிராமின் பயன்.’ ஊரையும் நோயையும் மாற்றினால் அடுத்த ஆய்வு தயார். முதல் நாள் ப்ரீ டெஸ்ட், சார்ட் வைத்து ஒரு வகுப்பு, ஏழாம் நாள் போஸ்ட் டெஸ்ட். விடையைச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்டால் மதிப்பெண் ஏறாமல் என்ன செய்யும்? பி மதிப்பு (மாற்றம் தற்செயலா என்று பார்க்கும் புள்ளியியல் எண்) 0.05-க்குக் கீழே வந்ததும் கறுப்பு அட்டை, தங்க எழுத்து, நூலக அலமாரி.

நானும் அதைத்தான் செய்தேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊருக்குப் பக்கத்துக் கடற்கரை, கடற்பாசி எடுக்கும் பெண்கள். என் அம்மாவும் பாசி எடுக்கிறவள்தான். கேள்வித்தாளில் ‘சிறுநீர்ப்பாதைத் தொற்று’ என்று அச்சடித்திருந்தேன். எங்கள் ஊரில் அதற்கு நீர்க்கடுப்பு என்று பெயர். பிறந்து வளர்ந்த ஊர்ப் பேச்சு எனக்கே மறந்துபோயிருந்தது.

போஸ்ட் டெஸ்ட் அன்று மேடம் வந்தார். ‘ஈர உடையை உடனே மாற்ற வேண்டும்: சரி / தவறு.’ எல்லாரும் ‘சரி’ போட்டிருந்ததைப் பூரிப்போடு காட்டினேன். அவர் தாளை வாங்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கேட்டார்: “அக்கா, நேத்து சேலைய எப்ப மாத்துனீங்க?”

“பாசியக் கொட்டி, எடை போட்டு, வீட்டுக்கு வந்தப்புறம்தான் டீச்சரம்மா. வத்தையில ஆம்பளையாளு இருக்காக. கரையில மறைப்பு ஏது?”

வத்தை என்றால் சின்னப் படகு. விடியற்காலையில் அதில் ஏறுவார்கள். விரல் விரலாகத் துணி சுற்றி, சேலைக்கு மேல் சட்டை போட்டு, முங்கி முங்கிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்ப்பார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, இறங்கிப் புதர் மறைவுக்குப் போகவும் வழியில்லை. (பவளப்பாறையைக் காக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.) கரையில் நல்ல தண்ணீர் குடக் கணக்கில் காசு. உப்போடு காய்ந்த சேலை தொடையிடுக்கில் உரசி உரசி, மாதவிலக்கு நாளில் நடக்கவே முடியாது.

ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். அந்த மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து அகர் என்ற கூழ்போல் உறையும் பொருளை எடுக்கிறார்கள். நீர்க்கடுப்பு என்று போனால் லேபில் சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் தட்டில் இருப்பதும் அகர்தான். அம்மாவிடம் சொன்னேன். “அப்ப எனக்கு மட்டும் காசு குறைப்பாகளா?” என்றாள்.

திரும்பும் பஸ்ஸில்தான் திட்டு விழுந்தது. “அவங்களுக்கு எல்லாம் தெரியுது. வகுப்பு உனக்குத்தான் எடுக்கணும்.” மேடம் ஏ.என்.எம். என்ற துணைச் செவிலியர் படிப்பு படித்து, கிராம சுகாதார செவிலியராக வீடு வீடாக நடந்தவர். அப்புறம் ஒவ்வொரு படிப்பாக ஏறிப் பேராசிரியை ஆனவர். அந்த “நேத்து எப்ப?” வாசற்படியில் உட்கார்ந்து கேட்டுப் பழகிய கேள்வி. கடைசி அத்தியாயத்தில் உடை மாற்றும் கொட்டகை பற்றி ஒரு பக்கம் சேர்க்கச் சொன்னார். வாய்மொழித் தேர்வுக்குத் தேர்வாளராக வந்தவர் அந்தப் பக்கத்தைத் தட்டி, “இது நர்சிங் ஆய்வா?” என்றார்.

வேலூரிலும் டெல்லியிலும் 1946-இல் பி.எஸ்சி. நர்சிங் தொடங்கியது. முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் பெண்களுக்கு என்ன தெரியாது என்பதையே அளந்துகொண்டிருக்கிறோம் என்பது என் கருத்து. கோபம் வருகிறவர்கள் உங்கள் கல்லூரி நூலகத்தில் தலைப்புகளை மட்டும் ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை கேட்கும்வரை இது மாறாது என்பதும் தெரியும். நானும் அந்த வரிசையில்தான் நிற்கிறேன்.

இந்த வருடம் என் மாணவிகள் இருவரைக் கேள்வித்தாள் இல்லாமல் கரைக்கு அனுப்பினேன். பாசி எடை போடும் இடத்தில் மூன்று நாள் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். ஒருத்தியின் நோட்டில் எட்டுப் பக்கம். “மேடம், இதுக்கு டைட்டில் என்ன வைக்கிறது?” என்று கேட்டாள். இன்னும் ரெண்டு நாள் போய்விட்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.