இரண்டு வாளி, ஒரே கட்டணம்

ஞாயிற்றுக்கிழமை குப்பை வண்டியை மறித்து நான் பேசிய காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். 'குப்பைப் போராளி' என்ற பட்டமும் கிடைத்துவிட்டது; மிக்க நன்றி. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனி வாளிகளில் நான் கொடுக்க, இரண்டும் ஒரே தொட்டியில் கவிழ்க்கப்பட்டது மட்டும் அதில் இல்லை. வண்டியில் வந்த அம்மாவின் மேல் எனக்குக் கோபமில்லை. "வண்டியில தடுப்பே இல்லையே கண்ணு, நான் என்ன பண்ணட்டும்?" என்றார் அவர்.

என் கேள்வி கட்டணத்தைப் பற்றியது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே வீட்டிலேயே பிரித்துக் கொடுக்கச் சொல்லின, கட்டணம் வசூலிக்கவும் வழி செய்தன. சேலத்தில் எங்கள் தெருவில் இரண்டாவது மட்டும் தவறாமல் நடக்கிறது. பிரித்துக் கொடுப்பவருக்கும், கோழிக் கழிவையும் உடைந்த டியூப்லைட்டையும் ஒரே பையில் கட்டி எறிபவருக்கும் அதே தொகை என்றால், யார் மெனக்கெட்டுப் பிரிப்பார்?

பிரிட்டனில் 1996இல் நிலத்தில் புதைக்கும் கழிவுக்கு டன்னுக்கு 7 பவுண்டு என்று தொடங்கிய வரி, 2025இல் 126.15 பவுண்டு ஆனது. கொட்டுவது விலை ஏறினால்தான் பிரிப்பது கட்டுப்படியாகும். வெளிநாட்டுக் கதை வேண்டாமா? 2022இல் நீலகிரியில் மதுபாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள். குடித்தவருக்குக் கிடைக்கும் அந்த மரியாதை, வாளியோடு நிற்கும் எனக்குக் கிடையாது.

பிரிக்காத குப்பைக்கு எடை போட்டுக் கட்டணம் வாங்கட்டுமே என்றால், இரவோடு இரவாக ஓடையில் கொட்டுவார்கள் என்கிறார் ஒரு நண்பர். கொட்டுவார்கள்தான். இப்போது மட்டும் திருமணிமுத்தாற்றில் தேனா ஓடுகிறது?

என் அம்மா பால் உறைகளைக் கழுவிக் கொடியில் காயப்போட்டு, கிலோ சேர்ந்ததும் பழைய பேப்பர்காரரிடம் போடுவார். எந்த விதியும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. அவரை "கஞ்சம்" என்று சிரித்தவர்கள்தான் இன்று என்னை "வேலை வெட்டி இல்லாதவள்" என்று எழுதுகிறார்கள். எருமாபாளையத்தில் குப்பையை மலையாகக் குவித்துவிட்டுச் செட்டிச்சாவடிக்குப் போன ஊர் இது. அடுத்து எந்த ஊர் என்று கேட்டால் எனக்கு வேலை இல்லையாம்!

சில நூறு ரூபாய்க்கா இவ்வளவு கூச்சல் என்று கேட்பவர்களுக்கு: பணத்தை நான் கட்டிவிட்டேன், ரசீதும் இருக்கிறது. தொட்டியின் நடுவே ஒரு தகரத் தடுப்பைத்தான் கேட்கிறேன். நாளை காலை ஆறரை மணிக்கு வண்டி வரும், நானும் இரண்டு வாளிகளோடு நிற்பேன். படம் எடுப்பவர் இந்த முறை தொட்டியையும் சேர்த்து எடுக்கட்டும்.