கடக்கால் குழியில் வந்த சாம்பல்

போன மாசம் மீஞ்சூர் பக்கம் ஒரு மனையில் கடக்கால் தோண்டினோம். 30-க்கு 40 மனை, தரைத்தளம் மட்டும், சாதாரண வீடு. வாங்கியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். "பள்ளமா இருந்த இடம்தான் தம்பி, ஆனா நல்ல கிராவல் கொட்டி மேடாக்கித்தான் வித்தாங்க" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். மேலே அரையடிக்குச் செம்மண் இருந்தது. அதற்குக் கீழே ஜேசிபி வாரிக் கொட்டியது திருநீறு மாதிரி நைசான, கருஞ்சாம்பல் நிறத்தில் ஒன்று. நாலடி ஆழத்துக்கு அதுதான். மேஸ்திரி குனிந்து ஒரு பிடி எடுத்தார், விரலிடுக்கில் விட்டுப் பார்த்தார். "கிராவலாவது ஒண்ணாவது. பவர் ஹவுஸ் சாம்பல் சார் இது."

ஆசிரியருக்கு முகம் செத்துப்போச்சு. கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் கேட்டார்: "நீங்களே சாம்பல் கல்லுலதான் கட்டறேன்னு சொன்னீங்க. சிமென்ட்லயும் சாம்பல் கலக்கறாங்கன்னு சொன்னீங்க. அப்புறம் இதுல மட்டும் என்ன தம்பி தப்பு?"

நியாயமான கேள்வி. அங்கே வெயிலில் நின்றுகொண்டு எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் ஒன்று. நான் சாம்பல் கல்லுக்கு எதிரி இல்லை. பத்து வருஷத்துக்கு மேலாக ஃபிளை ஆஷ் கல்லில், அதாவது அனல்மின் நிலையத்துச் சாம்பலில் செய்த கல்லில்தான் கட்டுகிறேன். ஆரம்பத்தில் மேஸ்திரிகள் முறைப்பார்கள். "பூச்சு பிடிக்காது, ஆணி இறங்காது, வெயில்ல சூடு ஏறும்" என்று ஆயிரம் குறை. கல்லை நனைக்காமல் கட்டிவிட்டு, கலவை காய்ந்ததும் விரிசல் விட்டால் கல்லைத் திட்டுவார்கள். ஒழுங்காகச் செய்த கல் என்றால் ஒன்றோடு ஒன்று தட்டும்போது கணீர் என்று கேட்கும், ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டாலும் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குடிக்காது. சூளைக் கல்லுக்கு வயல் மேல்மண்ணை வெட்டுகிறோம், பிறகு அதைச் சுட விறகோ நிலக்கரியோ எரிக்கிறோம். சாம்பல் கல்லுக்கு நெருப்பே வேண்டாம். சாம்பல், சுண்ணாம்பு அல்லது சிமென்ட், கொஞ்சம் ஜிப்சம், குவாரி தூசி, அழுத்தம், அப்புறம் தண்ணீர் விட்டு ஆறப் போடுவது. சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் மூன்றையும் சேர்த்துச் சுடாத கல் செய்யும் ஃபால்-ஜி முறையை நம் பக்கத்து விசாகப்பட்டினத்தில் உருவாக்கினார்கள், பானுமதிதாஸ், காளிதாஸ் என்ற இருவர். உள்ளூர் மெஷின் வைத்துச் சின்ன முதலாளிகள் செய்யக்கூடிய தொழிலாக அதை ஆக்கிக் கொடுத்ததுதான் அவர்கள் செய்த பெரிய காரியம்.

சிமென்ட்டும் அப்படித்தான். கடையில் பிபிசி (போர்ட்லேண்ட் பொசோலனா சிமென்ட்) என்று கேட்டு வாங்குகிறோமே, அதில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் இருக்கலாம் என்று தரக் குறியீடே அனுமதிக்கிறது. கலப்படம் இல்லை அது. சிமென்ட்டில் தண்ணீர் பட்டதும் சுண்ணாம்புச் சத்து கொஞ்சம் சும்மா வெளியே வரும். சாம்பலில் இருக்கும் சிலிக்கா அந்தச் சுண்ணாம்போடு மெதுவாகச் சேர்ந்து புதிதாக ஒரு பிடிமானத்தை உண்டாக்கும். ஆரம்பத்தில் வலு ஏறுவது நிதானம்தான், ஆனால் நாள் போகப் போகக் கான்கிரீட் இறுகி, நீர்க்கசிவு குறையும். அதனால்தான் பிபிசி போட்டால் கூடுதல் நாள் தண்ணீர் விடச் சொல்லிக் கத்துகிறோம். (கத்துகிறோமே தவிர, எத்தனை சைட்டில் காது கொடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டாம்.)

இப்போது ஆசிரியரின் கேள்விக்கு வருகிறேன். நிலக்கரியில் இம்மியளவு ஆர்செனிக், ஈயம், குரோமியம், காட்மியம் எல்லாம் இருக்கும். கரி எரிந்து போனாலும் இவற்றில் பெரும்பகுதி சாம்பலில் செறிந்து தங்கிவிடும். நம் நாட்டு நிலக்கரியில் 30 முதல் 45 சதவீதம் வரை சாம்பல், அதாவது மூன்று லாரி கரி எரித்தால் ஒரு லாரிக்குச் சாம்பல். அந்தச் சாம்பல் சிமென்ட்டுக்குள் போனால் இறுகிக் கல்லாகிறது, உள்ளே இருப்பது உள்ளேயே பூட்டிக்கொள்கிறது. அதே சாம்பலைப் பள்ளத்தில் கொட்டினால் மழைத் தண்ணீர் அதன் வழியாக இறங்கி, கரைவதைக் கரைத்துக்கொண்டு பக்கத்துக் கிணற்றுக்குப் போகும். கோடையில் காற்றில் எழும்பி மூச்சுக்குள் போகும். மாவைப் பிசைந்து தோசை சுடுவதும், மாவு மூட்டையைக் கிணற்றுக்குள் அவிழ்த்துக் கொட்டுவதும் ஒன்றா? இரண்டிலும் மாவு 'பயன்பட்டது' என்று ஒரே நோட்டில் எழுதினால் எப்படி இருக்கும்? நம் சாம்பல் கணக்கு அப்படித்தான் எழுதப்படுகிறது.

மத்திய மின்சார ஆணையம் வருஷா வருஷம் சாம்பல் கணக்கு வெளியிடுகிறது. 1996-97-ல் உண்டான சாம்பலில் 10 சதவீதம்கூடப் பயன்படவில்லை. 2021-22-ல் சுமார் 27 கோடி டன் உண்டாகி, கிட்டத்தட்ட 96 சதவீதம் பயன்பட்டதாகச் சொன்னார்கள். பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. சிமென்ட்டுக்குத்தான் அதில் பெரிய பங்கு. ஆனால் அந்தப் பட்டியலை முழுசாகப் படித்தால் தாழ்வான நிலத்தை நிரப்புவது ஒரு பயன்பாடு, சுரங்கக் குழியை மூடுவது ஒரு பயன்பாடு. சாம்பலைத் தண்ணீரோடு விட்டுத் தேக்கிவைக்கும் சாம்பல் குளத்தின் கரையைச் சாம்பலாலேயே உயர்த்துகிறார்களே, அதுகூட ஒரு பயன்பாடு! குப்பைத் தொட்டி நிரம்பிவிட்டது என்று குப்பையாலேயே அதற்குச் சுவர் எழுப்பிவிட்டு, மறுசுழற்சி செய்தேன் என்று எழுதிக்கொள்கிற மாதிரி.

சட்டம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. 1999 செப்டம்பரில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் முதல் அறிவிக்கை வந்தது. அனல்மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் செங்கல் செய்தால் சாம்பல் கலக்க வேண்டும் என்றது. 2003-ல் அது 100 கிலோமீட்டர், 2016-ல் 300 கிலோமீட்டர் ஆனது. என் தொழில் இன்று இருப்பதே இந்த அறிவிக்கைகளால்தான், அந்த நன்றி எனக்கு உண்டு. 2021 டிசம்பர் 31-ல் வந்தது இன்னும் கடுமை: முழுச் சாம்பலையும் பயன்படுத்தியாக வேண்டும், மிச்சம் வைத்தால் டன்னுக்கு 1,000 ரூபாய் அபராதம், பழைய குளங்களில் கிடப்பதையும் பத்து வருஷத்துக்குள் காலி செய்ய வேண்டும்.

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் டன்னுக்கு ஆயிரம் என்றால் 15 டன் ஏற்றும் ஒரு டிப்பருக்கு 15,000 ரூபாய் அபராதம். அதற்குப் பதில் வாடகையும் கொடுத்து எவர் தலையிலாவது கட்டிவிடுவது லாபம் என்று எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் தோன்றும். பள்ளம் நிரப்பவும் அனுமதி வேண்டும், நெறிமுறை இருக்கிறது, மேலே மண் மூட வேண்டும், எல்லாம் காகிதத்தில் சரி. மண் மூடியதை நான் பார்த்தேன். அரையடி. அந்த மனைக்கு வந்த லோடுகள் எந்த நிலையத்து நோட்டில் எந்தத் தலைப்பில் எழுதப்பட்டன, அல்லது எழுதப்படவே இல்லையா என்று மனை விற்றவரிடம் கேட்டோம். "பழைய விஷயம் சார், இப்ப எதுக்கு" என்றார்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பாடம் கிடைத்தது. 2008 டிசம்பர் 22-ம் தேதி டென்னசி மாநிலம் கிங்ஸ்டனில் சாம்பல் குளத்துக் கரை உடைந்து, நூறு கோடி கேலனுக்கு மேல் சாம்பல் சேறு ஆற்றிலும் வீடுகள் மேலும் பாய்ந்தது. அந்த வேகத்தில் 2015-ல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று: கான்கிரீட், கல் மாதிரி இறுகிய பொருளுக்குள் போகும் சாம்பலையும், உதிரியாகக் கொட்டும் சாம்பலையும் வேறு வேறாகப் பார்க்கிறது. சாலை வேலை தவிர மற்ற இடத்தில் 12,400 டன்னோ அதற்கு மேலோ உதிரியாகக் கொட்டினால், நிலத்தடி நீருக்கும் காற்றுக்கும் பாதகமில்லை என்று கொட்டுகிறவன் நிரூபிக்க வேண்டும். அவர்கள் ஊரிலும் நிறுவனங்கள் இழுத்தடிக்கத்தான் செய்கின்றன, அது வேறு கதை. பூட்டிய சாம்பல், பூட்டாத சாம்பல் என்ற அந்த ஒரு பிரிவினை நம் கணக்கில் வந்தால் போதும், 96 என்ற எண் எவ்வளவு இறங்கும் என்று பார்க்க ஆசை.

நமக்கு என்ன உடையவில்லையா? 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில், மத்தியப் பிரதேசம் சிங்ரௌலியில் சாசன் அனல்மின் நிலையத்துச் சாம்பல் குளம் உடைந்து குழந்தைகள் உட்பட ஆறு பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அவ்வளவு தூரம் எதற்கு, எண்ணூர் இருக்கிறதே. வடசென்னை அனல்மின் நிலையத்துச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, குழாயில் செப்பாக்கம் பக்கத்துக் குளத்துக்கு ஓட்டுகிறார்கள். வருஷக்கணக்காகக் குழாய் ஒழுகி, கொசஸ்தலை ஆற்றுச் சதுப்பில் சாம்பல் படிந்து, இறால் தடவிப் பிடித்த இடத்தில் கால் புதைகிறது. மீனவர்கள் வழக்குப் போட்டு, 2022-ல் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு மின்வாரியத்தைப் பொறுப்பாக்கியது.

இன்னொரு வேடிக்கை, இப்படிக் கரைத்து ஓட்டுவதால்தான் நல்ல சாம்பல் கெட்டுப்போகிறது. உலர்ந்த நிலையில் பிடித்தால் சிமென்ட்காரர் வரிசையில் நிற்பார். குளத்தில் கிடந்து எடுத்தால் கரடுமுரடு, வினைத்திறன் குறைவு. கடல் தண்ணீரில் கரைத்தது என்றால் உப்பு வேறு, கம்பிக்குப் பக்கத்தில் கொண்டு போகவே பயம்.

உலர் சாம்பலிலும் ஒரு வயிற்றெரிச்சல் இருக்கிறது. முன்னே சொன்ன அறிவிக்கையின் 2009 திருத்தத்தில், உலர் சாம்பலில் குறைந்தது 20 சதவீதம் கல் செய்பவர்களுக்கு இலவசமாக, முன்னுரிமையோடு என்று இருந்தது. சாம்பலுக்கு மதிப்பு வந்ததும், 2021 செப்டம்பரில் மின்துறை அமைச்சகம் ஏலம் விடச் சொல்லிவிட்டது. எனக்குக் கல் கொடுக்கும் அண்ணன், ஒரே மெஷினும் எட்டு ஆட்களும் வைத்திருப்பவர், "சிமென்ட் கம்பெனியோட நான் ஏலத்துல நிக்க முடியுமா தம்பி?" என்று சிரிக்கிறார். சாம்பலைக் கல்லாக்கிப் பூட்டுகிறவனுக்கு விலை, பள்ளத்தில் கொட்டுகிறவனுக்கு வாடகையோடு இலவசம். இந்த நாட்டில் தலைகீழாக இருக்கும் விலைப்பட்டியல்களில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புகைபோக்கி விஷயத்தையும் விட முடியவில்லை, ஏனென்றால் அதுவும் இதே கணக்குதான். காற்றில் போகாமல் பிடித்தது எல்லாம் கடைசியில் ஏதோ ஒரு திடப் பொருளாகத்தான் கீழே வரும். 2015 டிசம்பரில் கந்தக டை ஆக்சைடு, பாதரசம், தூசி எல்லாவற்றுக்கும் வரம்பு போட்டார்கள், கெடு 2017. கந்தகத்தைப் பிடிக்க எஃப்ஜிடி என்ற கருவி. சுண்ணாம்புக்கல் கரைசலைப் புகையில் தெளித்தால் கந்தகம் ஜிப்சமாக மாறி வரும். ஆமாம், நாங்கள் கல்லில் போடுகிற அதே ஜிப்சம். ஓமனிலிருந்தெல்லாம் நாம் இறக்குமதி செய்கிற ஜிப்சம். கெடு 2022 ஆனது, பிறகு இடத்துக்கு ஒரு கெடு, பிறகு மறுபடி தள்ளிவைப்பு. 2025 ஜூலையில் முக்கால்வாசிக்கும் மேற்பட்ட நிலையங்களுக்கு இந்தக் கருவியே வேண்டாம் என்று விலக்கு. டெல்லித் தலைநகர் வட்டாரத்துக்கும் பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களுக்கும் 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை கட்டாயம் 2027 முடிவுக்குள் வைக்க வேண்டும், மிச்சம் சிலவற்றுக்கு நிலையத்துக்கு நிலையம் பார்த்து முடிவு.

விலக்குக்குச் சொல்லும் காரணங்கள் முழுப் பொய் இல்லை. நம் கரியில் கந்தகம் குறைவு. கருவி விலை அதிகம், மின்சாரமும் தண்ணீரும் இழுக்கும், சுண்ணாம்புக்கல்லுக்கு எங்கோ ஒரு மலையை வெட்டியாக வேண்டும். ஆனால் இவை எல்லாம் 2015-லும் தெரிந்தவைதானே? நான் பில்டிங் லைனில் இருப்பவன், எனக்கு இந்த வாசனை நன்றாகத் தெரியும். பிளான் படி மூணடி விட்டுக் கட்டியவன் முட்டாள், விடாமல் கட்டியவனுக்கு ஒரு நாள் வரன்முறை வரும். கடன் வாங்கிக் கருவி வைத்த நிலையத்துக்காரர் இப்போது அந்த மூணடி விட்டவர் நிலையில் நிற்கிறார். கந்தகப் புகையோ காற்றிலேயே நுண்துகளாக மாறி, 10 கிலோமீட்டர் கல்லைப் பார்த்து நின்றுவிடாமல் போய்க்கொண்டே இருக்கிறது.

ஆசிரியருக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. "கல்லுல இருக்கறது கட்டுப்பட்டது சார், இது அவிழ்ந்து கிடக்கறது" என்று மட்டும் சொன்னேன். புரிந்தது என்று தலையாட்டினார். பிறகு வாத்தியார் குணம் போகாமல், "அப்ப பக்கத்து மனையிலயும் இதுதானே இருக்கும்? அவங்க போர் போட்டுட்டாங்களே" என்றார். பக்கத்து வீட்டு மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவர்களிடம் சொல்லி, போர் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறோம்.

சாம்பல் மேல் கடக்கால் போட முடியாது, பழைய தரை வரைக்கும் தோண்டி எடுத்தாக வேண்டும். ஆறு லோடு வந்தது. பறக்காமல் இருக்கத் தண்ணீர் தெளித்து, தார்ப்பாய் போட்டு மனை ஓரத்திலேயே குவித்திருந்தோம். டிப்பர் வரச் சொன்னோம். டிரைவர் சின்னப் பையன், ஏற்றி முடித்து, பீடியைக் காதில் சொருகிக்கொண்டு சாதாரணமாகக் கேட்டான்: "எங்க சார் கொட்டணும்? நம்மகிட்ட ஒரு பள்ளம் இருக்கு."

வண்டியைக் காலி பண்ணச் சொல்லிவிட்டேன். ஒரு நாள் வாடகை நஷ்டம். மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. குவியல் தார்ப்பாய்க்குக் கீழே அப்படியே இருக்கிறது. நேற்று ராத்திரி மழை.