நர்ஸ் குடும்ப விவரம் கேட்பது நிவாரணத்தை நிறுத்த அல்ல

"வீட்டுக்கு வரும் நர்ஸிடம் குடும்ப விவரம் சொல்லாதீர்கள், நோய் பதிவானால் மீன்பிடித் தடைக்கால நிவாரணம் நின்றுவிடும்" என்று தொண்டி, தேவிபட்டினம் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்துக்கான பணத்தைத் தருவது மீன்வளத் துறை. சர்க்கரை, பிரஷர் பதிவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

அப்புறம் ஏன் வீட்டையே விசாரிக்கிறார்? சமுதாய நலச் செவிலியத்தில் நோயாளியோடு குடும்பமும் சேர்த்தே கவனிக்கப்படுகிறது. அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை கொடுத்துவிட்டு, அடுப்படியில் இருக்கும் கருவாட்டுச் சட்டியைப் பார்க்காமல் போனால் என்ன பயன்? குழம்பில் உப்பைக் குறைப்பது சமைப்பவர் கையில்தானே இருக்கிறது. ஒருவருக்குக் காசநோய் என்றால் கூட இருக்கும் எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும். தடுப்பு மாத்திரையும் உண்டு. மறைத்தால், பக்கத்தில் படுத்துத் தூங்கும் சின்னப் பிள்ளைக்கு அந்த மாத்திரை கிடைக்காமலே போய்விடும்.