கஸ்மாலம் என்ன கெட்ட வார்த்தையா?

ஞாயிற்றுக்கிழமை நம்ம படிப்பகத்து ஆண்டு விழாவில் என்ன நடந்ததுன்னு வந்திருந்தவங்களுக்குத் தெரியும். வராதவங்களுக்கு இந்நேரம் வீடியோ வந்திருக்கும். நாலு நாள் வாயைத் திறக்காமத்தான் இருந்தேன். இன்னிக்குக் காலையில போய்ப் பார்த்தா, நான் துணுக்கு எழுதிப் போடுற பலகையை ஈரத்துணி போட்டுத் துடைச்சு, சாக்பீஸ் டப்பாவை பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டியிருக்காங்க. சரி, இனிமே பேசிடலாம்.

பலகையில நான் எழுதியிருந்தது மொத்தம் மூணு வரி. கஸ்மாலம்னு நாம திட்டுறது 'கச்மலம்' என்கிற வடமொழிச் சொல்லிலிருந்து வந்தது. அழுக்கு, மனக்கலக்கம்னு பொருள். பகவத் கீதை 2ஆம் அத்தியாயம் 2ஆம் சுலோகத்துல, வில்லைக் கீழே போட்ட அர்ஜுனனைப் பார்த்து கிருஷ்ணர் சொல்ற வார்த்தை அது. இவ்வளவுதான். சிறப்பு விருந்தினர் ஐயா முதல் சொல்லோட நின்னுட்டார். மேடையேறி, "பிள்ளைங்க வர்ற இடத்துல இதையெல்லாமா எழுதுவாங்க, துணுக்கு படிக்கிறது நுனிப்புல் மேயுறது"ன்னார். மூணு வரியை முழுசாப் படிக்காதவர் என்னை நுனிப்புல்ங்கிறார். கைதட்டினவங்க நம்ம ஆளுங்க. அதான் வலிச்சுது.

ஒரு துணுக்கு, ஒரே ஒரு துணுக்கு, என்ன செய்யும்னு சொல்றேன்.

போன மாசம் 'துட்டு' எழுதினேன். டச்சுக்காரனோட 'டாய்ட்' என்கிற சின்ன செப்புக்காசுதான் நம்ம வாயில துட்டு ஆச்சு. அவன் பழவேற்காட்டுல 1613லயே கோட்டை கட்டினவன், நமக்கு ஒண்ணும் தூரத்து ஆள் இல்ல. காசிமேட்டுல மீன் எடுத்துட்டுத் திரும்புற ஆயா ஒண்ணு, தலையில கூடையோட, தண்ணி தோள்ல சொட்டச் சொட்ட, எழுத்துக் கூட்டிப் படிச்சுது. கூடையை இறக்கவே இல்ல. "இன்னாப்பா, அப்போ நான் தெனம் டச்சுதான் பேசினுகீறனா?"ன்னு கேட்டுச்சு. அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் வஞ்சிரம் வாங்க வந்தவங்க அத்தனை பேருக்கும் அதைச் சொல்லித்தான் வித்துதாம். விலை மட்டும் குறைக்கல.

அந்த ஆயாவுக்கு நான் ஐந்நூறு பக்கப் புத்தகம் கொடுத்திருக்கணுமா ஐயா?

எனக்கு இந்தக் கிறுக்கு அப்பாகிட்டயிருந்து வந்தது. ஹார்பர்ல மூட்டை தூக்கினவர். வடை மடிச்ச பேப்பரை எண்ணெய் போகத் துடைச்சுட்டுப் படிப்பார். அப்படி ஒருநாள் எம்டன் கப்பல் கதை கிடைச்சுது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி அந்த ஜெர்மன்காரன் கடல்ல நின்னு குண்டு போட்டு, ஹார்பர்கிட்ட எண்ணெய்த் தொட்டியைக் கொளுத்திட்டுப் போனான்ல, அது. பேப்பர் பாதியில கிழிஞ்சிருந்தது. மறுபாதி எந்த வடையோட போச்சோ. "அந்தக் கப்பல் மாட்டுச்சா இல்லியாடா?"ன்னு வருஷக்கணக்கா கேட்டுட்டே இருந்தார். நான் காலேஜ் லைப்ரரியில தேடி எடுத்தப்ப அவர் ஆஸ்பத்திரியில. அதே வருஷம் நவம்பர் 9, கோகோஸ் தீவுகிட்ட ஆஸ்திரேலியாவோட 'சிட்னி' கப்பல் அதை அடிச்சு உட்கார வெச்சுடுச்சுன்னு சொன்னேன். ட்ரிப்ஸ் ஏறுற கையைத் தூக்கி, "மாட்னானா!"ன்னார். அரைப் பக்க வடை பேப்பர்தான் ஐயா. நுனிப்புல்தான்.

"துணுக்குல தப்புத் தகவல் வரும்"னு சிலர் கேட்பீங்க. வரும். எனக்கே வந்திருக்கு. ராயபுரம் ஸ்டேஷன்தான் இந்தியாவிலேயே முதல்னு எழுதித் தொலைச்சேன். பதினொண்ணாவது படிக்கிற பையன் வந்து, "அண்ணா, பம்பாய்லயிருந்து தாணாவுக்கு 1853லயே ரயில் ஓடிடுச்சே, நம்மளது 1856"ன்னான். காது சூடாயிடுச்சு. மறுநாளே பலகையில என் தப்புன்னு எழுதித் திருத்தினேன்: ராயபுரம் தென்னிந்தியாவுக்கு முதல், இன்னிக்கும் நிக்கிற பழைய ஸ்டேஷன் கட்டடங்கள்ல மூத்தது. அந்தப் பையன் இப்போ என்னைவிட அதிகம் படிக்கிறான். மேடையில பேசினதை மறுநாள் திருத்தின பேச்சாளர் யாரையாவது பார்த்திருக்கீங்களா?

"வாட்ஸாப் குப்பையும் துணுக்குதானே"ம்பாங்க. அதுக்கெல்லாம் பதில் சொல்ற பொறுமை இன்னிக்கு எனக்கு இல்ல.

உண்மையைச் சொல்லட்டா? ஐயாவுக்குத் துணுக்கு பிரச்சினை இல்ல. பேஜார், நாஷ்டா, ஜல்தின்னு உருதுச் சொல் எழுதினப்பவும் ஒருத்தர் மூக்கைச் சுளிச்சார். ஆனா சாவி, ஜன்னல், மேசை மூணும் போர்த்துகீசியம்னு எழுதினா "அடடா, அருமை"ம்பாங்க. வீட்டுக்குள்ள இருக்கிற கடன் வார்த்தை வரலாறு. ரிக்ஷாக்காரன் வாயில இருக்கிற கடன் வார்த்தை கஸ்மாலம். சினிமாக்காரன் வடசென்னைக்கு வந்தா எங்க கையில கத்தி கொடுக்கிறான், அறிஞர் வந்தா எங்க வாயைக் கழுவச் சொல்றார். எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பலையும் நாங்கதான் முழுங்கணும். எங்க தெருவுல நாங்க பேசுற நாலு வார்த்தை எங்கிருந்து வந்துதுன்னு தெரிஞ்சுக்கக்கூட ஒருத்தர்கிட்ட அனுமதி வாங்கணுமா? கோபத்துல எங்கேயோ போயிட்டேன், தெரியுது. போகட்டும்.

படிப்பகத்து நிர்வாகிகள்மேல எனக்கு வருத்தம் இருக்கு, பகை இல்ல. விருந்தினர் மனசு நோகக் கூடாதுன்னு துடைச்சிருப்பீங்க, பெரிய மனசு. என் மனசு மட்டும் உங்களுக்கு சாக்பீஸ் மாதிரி.

டீக்கடை அண்ணன் தன் ஷட்டர் ஓரச் சுவரை எடுத்துக்கோன்னுட்டார். கரி அவரோட அடுப்புலயே இருக்கு. முதல் நாளே கஸ்மாலத்தை மறுபடி எழுதலாம்னு கை அரிச்சுது. ஆயாதான், "வாணாம் நைனா, வேற எய்து, அந்தாளு தனக்குத்தான்னு நென்ச்சுக்குவாரு"ன்னுச்சு. நாளைக்கு எம்டன்.