எழுதுகிற வரியில் விட்டுப்போன ஒரு சொல்

எனக்கு இன்னும் கொதிப்பு அடங்கவில்லை. கல்லடியில் வெளியே மழை கொட்டுகிறது, உள்ளே நான் 218 வெற்றுக் கோப்புகளைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

மருதமுனையில் கைத்தறிச் சேலை நெய்யும் ஒரு நானாவுக்கு (முஸ்லிம் அண்ணன் ஒருவருக்கு) இணையத்தளம் செய்கிறேன். சேலைக்கு ஒரு பக்கம், மொத்தம் 221. அத்தனையையும் கையால் தட்ட எனக்கென்ன விசரா? பைதன் என்ற நிரல்மொழியில் சின்ன ஸ்கிரிப்ட் (நிரல்) ஒன்று எழுதினேன். வீட்டிலுள்ள லினக்ஸ் மடிக்கணினியில் அது ஒரு நொடியில் எல்லாப் பக்கங்களையும் எழுதித் தள்ளியது. அப்புறம் நானா போனில் திருத்தம் சொல்லத் தொடங்கினார். "தம்பி, அது கத்தரிப்பூ நிறமில்ல, நாவல்பழ நிறம்." இரண்டு நாள் குந்தியிருந்து அந்தப் பக்கங்களிலேயே, பென் டிரைவில் வைத்தே, திருத்தினேன். பிரதி எடுக்கவில்லை. அது என் மடத்தனம், சரி.

பிறகு எல்லாப் பக்கத்தின் அடியிலும் புதுத் தொலைபேசி எண் வர வேண்டும் என்றார். நானாவின் கடையில் இருந்தது விண்டோஸ் கணினி. ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, வாசித்து, எண்ணைச் சேர்த்து, மறுபடி சேமிக்கும் ஸ்கிரிப்டை அங்கேயே எழுதி ஓட்டினேன். "முடிந்தது" என்று திரையில் வந்தது. பிளேன்டீ குடித்துவிட்டுப் பார்த்தால் 218 பக்கங்கள் பூச்சியம் பைட்!

என்ன நடந்தது தெரியுமா? எழுத்துகளைக் கோப்பில் எண்களாகச் சேமிக்கும் முறைக்குக் குறியாக்கம் என்று பெயர்; யூ.டி.எஃப்-8 என்பது தமிழும் அடங்கிய ஒரு குறியாக்கம். வாசிக்கிற வரியில் யூ.டி.எஃப்-8 என்று போட்டிருந்தேன். எழுதுகிற வரியில் போட மறந்துவிட்டேன். நாம் சொல்லாவிட்டால் விண்டோஸில் பைதன் அந்தக் கணினியின் பழைய குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். அங்கே இருந்தது 1252, மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கென்று செய்த 256 இடங்கள் கொண்ட அட்டவணை. பிரெஞ்சுக்காரன் தலையில் கோடு போட்ட எழுத்துக்குக்கூட அதில் இடமுண்டு. நமது 'அ'னாவுக்கு இல்லை. உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில், 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் ஏறிவிட்டது. 2008இல் வந்த பைதன் 3 உள்ளுக்குள் எழுத்தெல்லாம் யூனிகோட் என்று பெருமை அடிக்கிறது. ஆனால் கோப்பில் எழுதும் வாசலில் நின்று நம்மை மட்டும் அடையாள அட்டை கேட்கிறது! யூ.டி.எஃப்-8ஐ எல்லா இடத்திலும் இயல்பாக்குவது பைதனின் 3.15 பதிப்பில்தானாம்.

சரி, எழுத முடியாவிட்டால் எழுதாமல் விடு. பழையதை ஏன் தின்கிறாய்? அங்கேதான், கோப்பை எழுதுவதற்காகத் திற என்று பைதனுக்குச் சொல்லும் 'டபிள்யூ' என்ற அந்த ஓரெழுத்து. அந்த முறையில் கோப்பைத் திறந்த கணமே உள்ளே இருந்ததெல்லாம் துடைத்தெடுக்கப்பட்டுவிடும். எழுத முடியுமா இல்லையா என்பது அதற்குப் பிறகுதான் தெரியவரும். சட்டியில் இருந்த சோற்றைக் கொட்டிவிட்டு, அரிசி இருக்கிறதா என்று தேடுகிற கதை.

முதல் கோப்பிலேயே பைதன் பிழை என்று கத்தியிருந்தால் ஒரு சேலையோடு போயிருக்கும். எங்கேயோ பார்த்துப் படியெடுத்த நாலு வரியில் 'பிழை வந்தால் கண்டுகொள்ளாதே' என்று இருந்தது. அதை எழுதிய புண்ணியவான் எங்கிருந்தாலும் அவன் வீட்டில் கரண்ட் போகட்டும். அவனுடைய உதாரணம் முழுக்க ஆங்கிலம், அவனுக்கு இந்தப் பிழை வரவே வராது. பைதன் படிப்பிக்கிற முக்கால்வாசிப் பேரும் இப்படித்தான். கோப்பில் 'ஹலோ' என்று எழுதிக் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். மிச்சத்தை நாம் இரவு ஒரு மணிக்குப் படிக்கிறோம்.

தப்பிய மூன்று பக்கங்கள் எவை என்று பார்த்தேன். வெளிநாட்டு ஆட்களுக்காக ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய மூன்று.

முதல் ஸ்கிரிப்டுக்குக் கொடுத்த சேலைப் பட்டியல் இருக்கிறது, பக்கங்களைத் திரும்பவும் உருவாக்கலாம். கத்தரிப்பூவை நாவல்பழமாக்கிய இரண்டு நாள் வராது. அந்தப் பட்டியலே நானாவிடமிருந்து பாமினி எழுத்துருவில் வந்தது. ஒரு மாலை முழுக்க மெனக்கெட்டு யூனிகோடுக்கு மாற்றினேன், 'இந்தக் காலத்திலும் பாமினியா நானா' என்று நக்கல் வேறு. பாமினி என்பது கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்து, எழுத்துருதான் அதைத் தமிழாக வரைந்து காட்டுகிறது. அப்படியே விட்டிருந்தால் 1252 வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் எழுதியிருக்கும்.

போனில் விசயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "நான் அனுப்பினது பாமினியிலதானே தம்பி?" என்றார்.