கழற்றும் முடிவை மாட்டும்போதே எடுங்கள்

ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலிருந்து நினைவகத்தை அப்படியே கழற்றி எடுக்கலாம் என்று விற்க வருபவர்கள் எல்லாரும் இப்போது சொல்கிறார்கள். பிராசசரோடு கூடுதல் நினைவகத்தை இணைக்கும் சிஎக்ஸ்எல் (CXL) அட்டைகள் வந்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் கூடிவிட்டது. கழற்றலாம் என்பது உண்மைதான். எந்த நிபந்தனையில் என்பதைத்தான் ஒருவரும் வாய்திறந்து சொல்வதில்லை. பினாங்கில், பாயான் லெப்பாஸ் சோதனைக்கூடம் ஒன்றில் சர்வர்களோடு நாளெல்லாம் மல்லுக்கட்டுபவன் என்ற முறையில் எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. ஒரு நினைவகத்தைக் கழற்ற முடியுமா முடியாதா என்பது பெரும்பாலும் அதை மாட்டிய நிமிடத்திலேயே முடிவாகிவிடுகிறது. இதை வாங்குபவரிடம் முதல் நாளே சொல்லியாக வேண்டும்.

வட்டைக் கழற்றுவதும் நினைவகத்தைக் கழற்றுவதும் ஒன்றென்று நினைப்பவர்கள் நம் துறையிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. வட்டிலிருந்து ஒரு நிரல் தரவைக் கேட்கும்போது அது இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிடம் விண்ணப்பம் போடுகிறது. வட்டு காணாமல் போயிருந்தால் கெர்னல் ஒரு பிழை எண்ணைத் திருப்பிக் கொடுக்கும். நிரல் மீண்டும் முயலலாம், வேறு வட்டுக்குப் போகலாம், பயனரிடம் சொல்லலாம். நினைவகத்தில் விண்ணப்பமும் இல்லை, பதிலும் இல்லை. பிராசசர் ஒரு முகவரியிலிருந்து எண்ணை எடுத்துவா என்ற ஒற்றைக் கட்டளையை நிறைவேற்றுகிறது. அந்தக் கட்டளையில் "கிடைக்கவில்லை" என்று சொல்ல இடமே கிடையாது. முகவரிக்குப் பின்னால் இருந்த சில்லு போய்விட்டால், பிராசசர் வன்பொருள் பிழையை எழுப்பும். அது ஒரு சாதாரண நிரலின் தரவாக இருந்தால் அந்த நிரல் சாகலாம். கெர்னலின் சொந்தத் தரவாக இருந்தால் பெரும்பாலும் இயந்திரமே விழும். இதனால்தான் என்விஎம்இ என்ற அதிவேக வட்டுகளைச் சொல்லாமல் உருவுவதை ஏற்கும் உலகில், சிஎக்ஸ்எல் நினைவகத்தை முன்னறிவிப்போடு மட்டுமே கழற்ற வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள்.

முன்னறிவிப்பு கிடைத்ததும் லினக்ஸ் கெர்னல் என்ன செய்கிறது? நினைவகத்தை அது தொகுதி தொகுதியாகப் பார்க்கிறது. எக்ஸ்86 வகை பிராசசர் உள்ள இயந்திரங்களில் ஒரு தொகுதி வழக்கமாக 128 எம்பி. பெரிய சர்வர்களில் 2 ஜிபி வரை போகும். 128 எம்பியில் பக்கங்கள் எனப்படும் 4 கேபி துண்டுகள் 32,768 இருக்கின்றன. முதலில் அந்தத் தொகுதியில் புதிதாக யாருக்கும் இடம் கொடுக்காமல் அடைக்கிறது. பிறகு உள்ளே இருப்பவற்றை ஒவ்வொரு பக்கமாக வேறு இடத்துக்குக் குடிமாற்றுகிறது. பழைய அடுக்குமாடியை இடிக்கும் முன் குடியிருப்பவர்களுக்கு மாற்று வீடு பார்த்துக் கொடுப்பது போலத்தான். எல்லாரும் போன பிறகே தொகுதி ஆஃப்லைன் ஆகும், அதாவது பயன்பாட்டிலிருந்து விலகும்.

சிக்கல், எழுந்து போகவே முடியாதவர்களால் வருகிறது. சாதாரண நிரல்களின் தரவை நகர்த்தலாம். முகவரி அட்டவணையில் ஒரு வரியை மாற்றினால் நிரலுக்குத் தெரியவே தெரியாது. கெர்னல் தனக்காக எடுத்துக்கொண்ட இடத்தை அப்படிப் பொதுவாக நகர்த்த முடியாது. பிணையச் சாதனமோ மெய்நிகர் இயந்திரத்துக்கு நேரடியாகக் கொடுத்த அட்டையோ நீண்ட காலத்துக்குப் பூட்டிவைத்த பக்கங்களும் அப்படியே. 128 எம்பியில் இப்படி ஒரே ஒரு பக்கம் இருந்தாலும் அந்தத் தொகுதி முழுவதும் மாட்டிக்கொள்ளும். கெர்னல் உடனே மறுத்தால்கூடப் பரவாயில்லை. நகரும் என்று நம்பிய பக்கம் நகராவிட்டால் விடாமல் முயன்றுகொண்டே இருக்கும். நாமாக நிறுத்தும் வரை கட்டளை திரும்பி வராது. கால வரம்பு வைக்காமல் இந்தக் கட்டளையை ஸ்கிரிப்டில் எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது.

இதற்கு மருந்து கெர்னலில் பல ஆண்டுகளாக இருக்கிறது. நினைவகத்தைச் சேர்க்கும்போதே அதை மூவபிள் மண்டலத்தில் வைத்துவிட்டால், நகர்த்தக்கூடியவை மட்டுமே பெரும்பாலும் அங்கே குடியேறும். நீண்ட காலப் பூட்டு கேட்கும் பக்கங்களைக்கூட, பூட்டுவதற்கு முன் அங்கிருந்து வெளியே மாற்றிவிடுவார்கள். ஆனால் பல சர்வர்களில் புது நினைவகம் தெரிந்த உடனே தானாக ஆன்லைன் ஆகி பயன்பாட்டுக்கு வரும்படி அமைப்பு வைத்திருக்கிறார்கள். பொறியாளர் கட்டளையைத் தட்டி முடிப்பதற்குள் நினைவகம் கெர்னலும் பயன்படுத்தும் சாதாரண மண்டலத்தில் போய் உட்கார்ந்துவிடும். அதன்பின் கெர்னல் அதில் எதையாவது வைக்கும். கழற்றும் வாய்ப்பு அங்கேயே மங்கிவிடுகிறது. திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு தொகுதிக்கும் "ரிமூவபிள்" என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதில் 1 என்று பார்த்ததும் கழற்றலாம் என்று நிம்மதியடைகிறார்கள். இன்றைய கெர்னலில் அந்த 1, இந்தக் கெர்னலுக்குக் கழற்றும் வசதி உண்டு என்பதை மட்டுமே சொல்கிறது. இந்தத் தொகுதியைக் கழற்றலாம் என்று சொல்லவில்லை.

எங்கள் கூடத்துக்கு வந்த ஓர் இயந்திரத்தில் இதைக் கண்ணெதிரே பார்த்தோம். அதை அமைத்தவர்கள், நினைவகத்தை ஆஃப்லைன் செய்யாமலே, அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவரை மட்டும் விடுவிக்கும்படி ஸ்கிரிப்ட் எழுதியிருந்தார்கள். கட்டளை ஓடியது. பிழை இல்லாமல் அடுத்த வரி வந்து நின்றது. என்னோடு இருந்த பயிற்சிப் பொறியாளர், நிபோங் திபால் பையன், "முடிந்தது அண்ணே, அட்டையை எடுக்கலாமா?" என்று கேட்டபடி நெம்புகோலில் கை வைத்தார். "கையை எடு தம்பி, முதலில் கெர்னல் பதிவைப் படி" என்றேன். அந்த முகவரி வரம்பை அடுத்த ரீபூட் வரை கழற்ற முடியாது என்று அங்கே ஒரு வரி இருந்தது. டிரைவர் போய்விட்டது, நினைவகமோ இன்னும் கெர்னலின் பயன்பாட்டில் இருக்கிறது. நெம்புகோலை இழுத்திருந்தால் இயந்திரம் அந்த நொடியே விழுந்திருக்கும். "முடியாது என்று சொல்ல அதற்கு வழியே இல்லையா அண்ணே?" என்றார் தம்பி.

அவர் கேட்டது சரியான கேள்வி. லினக்ஸில் ஒரு டிரைவரைப் பிரிக்கும்போது அது மறுப்புச் சொல்ல முடியாது. யூஎஸ்பி சாதனத்தை ஒருவர் பிடுங்கிய பிறகு டிரைவர் மறுத்து என்ன பயன் என்பது இதன் நியாயம். அந்த நியாயத்தை யூஎஸ்பிக்கு நான் முழுமையாக ஏற்கிறேன். நினைவகத்துக்கு அது பொருந்தாது என்பது என் வாதம். அதே கெர்னலில், வன்பொருளுக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரோடு இயங்குதளம் பேசும் ஏசிபிஐ வழியாக நினைவகத்தை வெளியேற்றக் கேட்டால், முதலில் எல்லாத் தொகுதிகளையும் ஆஃப்லைன் செய்து பார்க்கிறது. ஒன்று மறுத்தாலும், ஏற்கெனவே ஆஃப்லைன் ஆனவற்றைத் திரும்பச் சேர்த்துவிட்டு, இப்போது முடியாது என்று ஃபர்ம்வேருக்குப் பதில் அனுப்புகிறது. கேட்பது, மறுப்பது, பழைய நிலைக்குத் திரும்புவது என மூன்றும் அங்கே இருக்கின்றன. டிரைவரைப் பிரிக்கும் வழியிலும், பிரிப்பதற்கு முன் இப்படியொரு கேள்விப் படி கட்டாயம் வேண்டும். தோல்வியைப் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதிவிட்டு, கேட்டவரிடம் வெற்றி என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

வன்பொருள் செய்தவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். அட்டைகளைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில், கழற்றப்போகிறேன் என்று தெரிவிக்கும் அட்டென்ஷன் பட்டன் இருந்தால், அதை அழுத்தியதும் பச்சை விளக்கு 5 நொடி மினுக்கும். அதற்குள் மறுபடி அழுத்தினால் கோரிக்கை ரத்து. விளக்கு முழுக்க அணைந்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

எல்லா நினைவகத்தையும் மூவபிளில் போட்டுவிட்டால் தீர்ந்ததே என்று கேட்பார்கள். தீராது. ஒவ்வொரு 4 கேபி பக்கத்துக்கும் கெர்னல் 64 பைட்டில் ஒரு குறிப்பு வைக்கிறது. 1 டிபி நினைவகத்துக்கு அதுவே 16 ஜிபி. வழக்கமாக அந்த 16 ஜிபி, கெர்னல் பயன்படுத்தும் சாதாரண மண்டலத்திலிருந்துதான் போக வேண்டும். மூவபிள் பங்கு சாதாரணப் பங்கைப்போல் மூன்று நான்கு மடங்கு வரை இருக்கலாம் என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது. 63 மடங்கு என்பது நடக்கவே நடக்காது என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறது. குறிப்புகளைப் புது நினைவகத்திலேயே வைக்கும் வசதி இப்போது உண்டு. ஆனால் அட்டையைச் சொல்லாமல் உருவினால், அதைப் பற்றிய குறிப்புகளும் அதோடு போய்விடும். ஆகவே இயந்திரத்தை வாங்கும்போதே எவ்வளவு நிரந்தரம், எவ்வளவு கழற்றத்தக்கது என்று கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

1972-இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைப் பினாங்கில் திறந்த காலத்திலிருந்து, சில்லுகளைப் பொருத்துவதிலும் சோதிப்பதிலும் இந்தத் தீவின் கைகள் பழகியவை. அந்தக் கைகளில் நம்மவர் கைகளும் உண்டு. பினாங்கின் பத்து காவான் பகுதி ஆலைகளில் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள், மாட்டினால் தெரிகிறதா என்று பார்த்ததோடு சோதனையை முடித்துவிடக் கூடாது என்று மனமார விரும்புகிறேன். தானியங்கி ஆன்லைன் அமைப்பை நிறுத்திவிட்டு மாட்டுங்கள். மூவபிளில் சேர்ந்ததா என்று மண்டலத்தைப் பாருங்கள். உண்மையான சுமையை நாள்கணக்கில் ஓட்டிய பிறகு ஆஃப்லைன் செய்யுங்கள். புதிதாக மாட்டிய நினைவகம் பெரும்பாலும் சுலபமாகக் கழன்றுவிடும். நகராத பக்கம் ஒன்றை வேண்டுமென்றே உள்ளே வைத்து, இயந்திரம் மறுக்கிறதா, மறுத்த பிறகும் ஒழுங்காக ஓடுகிறதா என்று பாருங்கள். அந்த மறுப்புச் சோதனை இல்லாத அறிக்கையில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.